நடவுக் காலத்தை நிர்ணயிக்க ஒத்திகைக் கணக்கு

ஒரு வாய்க்காலில் எந்த நாளில் தண்ணீர் திறப்பது, அதன் பாசனத்திலுள்ள நிலங்களை எல்லாம் ஒரே காலத்தில் நடுவதா, அல்லது பிரிவு பிரிவாக முன்பின் நடுவதா என்பவை கிராமத்தார் ஒன்றுகூடி முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள். இம்முடிவு தவறுமாயின் அதனால் வரும் நஷ்டம் ஒரு குடியானவரோடு நில்லாது. தலைமடை முதல் கடைமடை வரையில் யாவரையும் ஒரு போகம் முழுவதும் வருத்தும்.

புதிய நெல் ரகம் ஒன்றையோ, புதிய எரு ஒன்றையோ கையாள விரும்பும் விவசாயி முதலில் சில சென்ட் நிலத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். சோதனை பலிக்காவிடினும் நஷ்டம் சொற்பமே. ஆனால் நடவுக் காலத்தையும் தண்ணீர் முறையையும் இவ்வாறு ஒரு பாத்தியில் சோதிக்க இயலாது. ஒருவர் வயலில் பயிராகும் பூச்சி அடுத்தவர் வயலுக்குச் செல்லுகிறது. ஒருவர் பாய்ச்சிய தண்ணீர் மற்றவருக்குக் குறைகிறது. ஆதலின் ஆயக்கட்டு முழுவதையுமே சோதனைப் பாத்தியாக்கினாலன்றி உண்மை விளங்காது. அவ்விதம் செய்யத் துணிபவரும் இலர். துணிவது விவேகமும் ஆகாது. இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்கே ஒத்திகைக் கணக்கு என்னும் முறை ஏற்பட்டிருக்கின்றது.

1. ஒத்திகைக் கணக்கு என்பது யாது?

நாடகத்தை மேடையில் ஏற்றுமுன் ஒத்திகை பார்ப்பது வழக்கம். அதுபோல ஒரு கிராமத்தின் நிலங்கள், தண்ணீர், பயிர், பூச்சி, அங்குள்ள ஜனங்கள் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றைச் சில எளிய விதிகளாக எழுதி, அவ்விதிகளின்படி ஓர் ஆண்டு, ஈராண்டு, பத்தாண்டு எனக் காகிதத்திலோ, சீட்டுகளைக் கொண்டோ, கம்ப்யூட்டர் யந்திரத்திலோ நடத்திப் பார்ப்பதே ஒத்திகைக் கணக்கு.

சாதாரண வரவுசெலவுக் கணக்குக்கும் இதற்கும் ஒரு பேதம் உண்டு. வரவுசெலவுக் கணக்கில் ஒருவருடைய செய்கை மாத்திரமே அடங்கும். ஒத்திகைக் கணக்கில் பலருடைய செய்கைகள் அடங்கும். ஒருவர் செய்வதைக் கண்டு மற்றவர் தம் யோசனையை மாற்றிக்கொள்வதும் அதில் அடங்கும். அண்டை வயலில் மகசூல் மிகுதியாகக் கண்டால் அடுத்த போகத்தில் அவ்விதமே செய்ய எண்ணுவது குடியானவர்களின் இயற்கை. இந்த இயற்கையையும் ஒரு விதியாக எழுதிக் கணக்கில் சேர்ப்பதுதான் இம்முறையின் விசேஷம்.

இது நெல் சாகுபடியில் பிரயோகிக்கப்பட்டதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில் கிடைக்கின்றது. அதைச் சற்று விரிவாக அறிவது நலம்.

2. பாலித் தீவின் பாசன முறை

பாலி ஓர் எரிமலைத் தீவு. ஆறுகள் மலையிலிருந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் வழியாக ஓடுகின்றன. அவற்றின் குறுக்கே சிறு அணைகள் கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கங்களாலும் வாய்க்கால்களாலும் தண்ணீரைப் படிக்கட்டு வயல்களுக்குக் கொண்டுவந்து, அங்குள்ளோர் நெற்பயிர் செய்கின்றனர்.

ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் பெறும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். இம்முறை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து நிலவி வருகின்றது. தீவில் ஏறக்குறைய 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரையில் அங்கத்தினர். ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு தலைவர் உண்டு. ஒரே வாய்க்காலையோ அணையையோ நம்பியிருக்கும் பல சுபாக்குகளுக்குப் பொதுவாக மஸ்செத்தி என்னும் நீர்க்கோயில் ஒன்று இருக்கும். சுபாக்குகளின் பிரதிநிதிகள் அங்கே கூடி, எந்தச் சுபாக் எப்பொழுது நடுவது, எப்பொழுது தரிசு போடுவது என்று பேசி முடிவு செய்வது பழைய வழக்கம்.

இவ்வழக்கத்தின் பயனை அறிய வேண்டுமாயின் இரு விஷயங்களை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பூச்சி. ஒரு பெரும் பரப்பிலுள்ள வயல்கள் எல்லாம் ஒரே காலத்தில் அறுவடையாகி, சில வாரங்கள் தரிசாகத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்குமாயின், நெற்பயிரையே உணவாகக் கொண்ட பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் இரையும் தங்குமிடமும் இல்லாமற்போம். அவை பெரும்பாலும் மடியும். சிறு பரப்பு மாத்திரம் தரிசாகக் கிடந்தாலோ பூச்சிகள் அடுத்த பரப்பிலுள்ள பயிருக்குப் பறந்து சென்று பிழைத்துக்கொள்ளும். எனவே பூச்சியை ஒடுக்குவதற்கு, ஒருங்கே நடும் பரப்பு பெரிதாக இருப்பது நல்லது.

இரண்டாவது, தண்ணீர். நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் நடவுக்குமே தண்ணீர் மிகுதியாக வேண்டும். யாவரும் ஒரே வாரத்தில் நட முற்பட்டால் ஆற்றில் வரும் நீர் எல்லோருக்கும் போதாது. கடைமடையார் நடவு பிந்தும், பயிர் வாடும். எனவே தண்ணீரைப் பங்கிடுவதற்கு, ஒருங்கே நடும் பரப்பு சிறிதாக இருப்பது நல்லது.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. பூச்சியை எண்ணினால் பெரும் பரப்பு. தண்ணீரை எண்ணினால் சிறு பரப்பு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரியான அளவு எது என்பதே கேள்வி. இக்கேள்வி பாலிக்கு மாத்திரம் உரியதன்று. ஆற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் நெல் விளையும் எல்லாத் தேசங்களுக்கும் உரியது.

3. முறை கலைந்ததால் நேர்ந்த நஷ்டம்

இந்தோனேசிய சர்க்கார் நெல் உற்பத்தியைப் பெருக்கும்பொருட்டு 1971 முதல் பாலியில் குறுகிய வயதுடைய புதிய ரகங்களையும், இரசாயன எருக்களையும், பூச்சி மருந்துகளையும் பரவச் செய்தனர். இயன்ற மட்டும் அடுத்தடுத்து நெல்லே பயிரிடும்படி விவசாயிகள் தூண்டப்பட்டனர். சுபாக்குகள் கூடிக் குறித்துவந்த நடவு முறை கைவிடப்பட்டு, ஒவ்வொருவரும் தமக்கு வசதியான காலத்தில் நட்டனர்.

முதலில் மகசூல் உயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் தண்ணீர் முறையில் குழப்பமும், பூச்சிகளின் பெருக்கமும் தோன்றின. எக்காலத்திலும் ஏதேனும் ஒரு வயலில் பச்சைப் பயிர் நின்றதால் பூச்சிகளுக்கு ஓய்வே இல்லாமற்போயிற்று. நம் குடியானவர்கள் நன்கறிந்த புகையான் அங்கும் பெருஞ்சேதம் விளைவித்தது. அதைத் தாங்கும் ரகம் கொண்டுவரப்பட்டது. அந்த ரகத்தைப் பின்னர் துங்ரோ நோய் பீடித்தது. இந்நோயைப் பயிருக்குப் பயிர் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. மருந்து தெளிக்கத் தெளிக்கப் பூச்சிகளைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் ஜந்துக்களும் மடிந்தமையால் புகையான் மேலும் பெருகிற்று. இது தேச முழுவதிலும் நேர்ந்தமையால், 1986-இல் இந்தோனேசிய ஜனாதிபதி 57 வகைப் பூச்சி மருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவு பிறப்பித்தார்.

புதிய ரகங்களின் மேல் முழுக் குற்றமும் சுமத்துவது நியாயமன்று. அவற்றை எந்த முறையில், எந்தக் காலத்தில் நடுவது என்பதைக் கவனியாததே பெரும் பிழை. ஆனால் இதை நிரூபிப்பது எவ்வாறு? பழைய முறைதான் நல்லது என்று முதியோர் கூறினர். அது வெறும் சம்பிரதாயம் என்று அதிகாரிகள் தள்ளினர். வாதத்தால் தீராத இவ்வழக்கைத் தீர்க்க ஒத்திகைக் கணக்கு உதவிற்று.

4. 172 சுபாக்குகளின் கணக்கு

ஸ்டீபன் லான்சிங் என்பவர் பாலியின் நீர்க்கோயில்களை நெடுநாள் ஆராய்ந்த மானிடவியல் நிபுணர். அவரும், ஜேம்ஸ் க்ரீமர் என்னும் இயற்கைச் சூழல் நிபுணரும் சேர்ந்து, ஊஸ், பெத்தானு என்னும் இரு ஆறுகளின் பாசனத்திலுள்ள 172 சுபாக்குகளையும் ஒரு கம்ப்யூட்டர் கணக்கில் அமைத்தனர். இவ்வாராய்ச்சி 1993-இல் பிரசுரமாயிற்று.

கணக்கில் சேர்க்கப்பட்டவை: பருவந்தோறும் பெய்யும் மழை, ஆற்றில் வரும் நீர், எந்தச் சுபாக் எந்த அணையிலிருந்து தண்ணீர் பெறுகிறது, எது மேலே, எது கீழே, நெல்லின் வயது, பூச்சி பெருகும் வேகம், அது அடுத்த வயலுக்குப் பரவும் விதம் ஆகியவை. மாதந்தோறும் ஒவ்வொரு சுபாக்குக்கும் கிடைக்கும் நீரையும், பூச்சியின் அளவையும் கணக்கிட்டு, முடிவில் மகசூல் காணப்பட்டது. கணக்கில் வந்த மகசூலை உண்மையில் அறுத்த மகசூலுடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருப்பதை அறிந்த பின்னரே மேற்கொண்டு சோதனைகள் செய்யப்பட்டன.

முதற்சோதனை: ஒருங்கே நடும் பரப்பின் அளவை மாற்றிப் பார்த்தனர். 172 சுபாக்குகளும் தனித்தனியே தம் இஷ்டப்படி நட்டால் தண்ணீர்த் தட்டு குறைந்தது. ஆனால் பூச்சி மிகுந்து மகசூலை அழித்தது. எல்லாச் சுபாக்குகளும் ஒரே நாளில் நட்டால் பூச்சி அடங்கியது. ஆனால் தண்ணீர் போதாமல் மகசூல் குறைந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே, பழைய நீர்க்கோயில்கள் சுபாக்குகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்திருந்த அளவிலே மகசூல் மிக உயர்ந்து நின்றது.

இரண்டாவது சோதனை இதனினும் வியக்கத்தக்கது. கணக்கில் கோயிலும் இல்லை. உத்தரவிடும் அதிகாரியும் இல்லை. ஒவ்வொரு சுபாக்கும் முதலாண்டில் ஏதோ ஒரு நடவு முறையை எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிவில் ஒவ்வொன்றும் தன் அண்டைச் சுபாக்குகளின் மகசூலைப் பார்த்து, தன்னினும் மிகுதியாக விளைந்த அண்டையாரின் முறையை அடுத்த ஆண்டில் பின்பற்றிற்று. இந்த ஒரே விதிதான். இவ்வாறு சில ஆண்டுகள் கணக்கு ஓடியதும், சுபாக்குகள் தாமாகவே தொகுதி தொகுதியாகச் சேர்ந்து நடத் தொடங்கின. மொத்த மகசூலும் உயர்ந்தது. அத்தொகுதிகள் உண்மையான நீர்க்கோயில் தொகுதிகளைப் பெரிதும் ஒத்திருந்தன.

இதனால் விளங்குவது யாதெனில், பல தலைமுறைகளாகக் குடியானவர்கள் அண்டையாரைப் பார்த்துப் பார்த்துச் சீர்திருத்தி வந்த வழக்கத்தில் தேர்ந்த கணக்கு ஒன்று மறைந்திருக்கலாம் என்பதே. பாலியின் பாசனத் திட்டத்துக்குக் கடன் உதவிய ஆசிய அபிவிருத்தி பாங்கியும் 1980-களின் பிற்பகுதியில் செய்த பரிசீலனையில், பழைய நடவு முறையை அலட்சியம் செய்ததால் நஷ்டம் நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. 2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஐந்து படிக்கட்டு வயற்பகுதிகளையும் அவற்றின் நீர்க்கோயில்களையும், ஏறக்குறைய 19,500 ஹெக்டேர் பரப்புள்ள உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது.

5. தலைமடையார் ஏன் தண்ணீர் விட வேண்டும்?

மேற்கூறிய கணக்கைக் கேட்போர்க்கு ஒரு சந்தேகம் எழும். தலைமடையிலுள்ளவருக்குத் தண்ணீர் கையருகில் இருக்க, அவர் கடைமடையாரோடு ஏன் இணங்குவார்? தர்மத்தை மாத்திரம் நம்பி எந்த வாய்க்காலும் நெடுநாள் நடவாது. லான்சிங்கும், ஜான் மில்லர் என்னும் பொருளாதார நிபுணரும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு விடை கூறியுள்ளனர். அதன் கருத்தைப் பின்வரும் எளிய கணக்கால் அறியலாம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கற்பித்துக்கொண்டவை.

தலைமடையில் ஒரு வயலும், கடைமடையில் ஒரு வயலும் உள்ளன என்று கொள்வோம். யாதொரு குறையும் இன்றி ஒவ்வொன்றும் 100 மூட்டை விளையும். இரண்டும் ஒரே காலத்தில் நட்டால் பூச்சி இல்லை. ஆனால் தண்ணீர் போதாமல் கடைமடைக்கு 15 மூட்டை குறையும். வெவ்வேறு காலத்தில் நட்டால் தண்ணீர்க் குறை இல்லை. ஆனால் பூச்சியால் இரண்டு வயல்களும் சேதமடையும்.

முதல் நிலைமை: பூச்சிச் சேதம் 25 மூட்டை. வெவ்வேறு காலத்தில் நட்டால் இருவருக்கும் 75 மூட்டை வீதம் கிடைக்கும். ஒரே காலத்தில் நட்டால் தலைமடைக்கு 100, கடைமடைக்கு 85. இருவருக்கும் ஒரே காலத்தில் நடுவதே லாபம். இங்கே தகராறுக்கு இடமில்லை.

இரண்டாம் நிலைமை: பூச்சிச் சேதம் 5 மூட்டை. வெவ்வேறு காலத்தில் நட்டால் இருவருக்கும் 95. ஒரே காலத்தில் நட்டால் தலைமடைக்கு 100, கடைமடைக்கு 85. மொத்தம் பார்க்கின் வெவ்வேறு காலத்தில் நடும்போது 190, ஒரே காலத்தில் நடும்போது 185. ஆகவே பூச்சி குறைந்த இடத்தில் முறை வைத்துப் பிரித்து நடுவதே பொதுவில் நன்மை.

மூன்றாம் நிலைமை: பூச்சிச் சேதம் 10 மூட்டை. வெவ்வேறு காலத்தில் நட்டால் 90 வீதம் மொத்தம் 180. ஒரே காலத்தில் நட்டால் 100-உம் 85-உம் சேர்ந்து 185. மொத்தத்தில் ஒரே காலத்தில் நடுவது நல்லது. ஆனால் கடைமடையார்க்கு 90-ஐ விட்டு 85-ஐ ஏற்க மனம் வராது; அவர் தனியே நடுவார். அவ்விதம் அவர் நட்டால் தலைமடையாரும் 100-க்குப் பதில் 90-தான் காண்பார். இங்கேதான் தலைமடையார் யோசிக்க வேண்டும். அவர் தம் தண்ணீரில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதனால் தமக்கு 7 மூட்டை குறைந்து, கடைமடையில் 7 மூட்டை கூடுமாயின், தலைமடைக்கு 93, கடைமடைக்கு 92 கிடைக்கும். இருவரும் தனித்தனியே நட்டுக் காணும் 90-ஐ விட இது மேலானது.

ஆகவே தலைமடையார் தண்ணீர் விடுவது தானமன்று. தம் வயலைப் பூச்சியிலிருந்து காப்பதற்கு அவர் கொடுக்கும் விலை. கடைமடையார் கையில் மதகு இல்லை. ஆனால் நடவு நாளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அவர் கையில் இருக்கின்றது. லான்சிங்கும் மில்லரும் 10 சுபாக்குகளில், சுபாக்குக்கு 15 பேர் வீதம் 150 விவசாயிகளைக் கேட்டபொழுது, மேற்பகுதியிலுள்ளோரில் பலர் பூச்சியே பெரிய துன்பம் என்றும், கீழ்ப்பகுதியிலுள்ளோரில் பலர் தண்ணீர்க் குறையே பெரிய துன்பம் என்றும் கூறினர். இக்கணக்கு கூறுவதும் அதுவே.

6. பூட்டானில் சீட்டுகளைக் கொண்டு செய்தது

கம்ப்யூட்டர் யந்திரமும் நிபுணர்களும் உள்ள இடத்தில்தான் ஒத்திகைக் கணக்கு செய்ய முடியும் என்று நினைக்க வேண்டுவதில்லை. பூட்டான் இராஜ்யத்தில் லிங்முத்தேசு என்னும் பள்ளத்தாக்கில் ஏழு கிராமங்கள் ஒரே ஓடையின் நீரைக் கொண்டு நெல் பயிரிடுகின்றன. மேலேயுள்ள லிம்புகா கிராமத்தார் தங்கள் நடவுக்குப் பின்னர், தங்கள் பஞ்சாங்கத்தின் ஐந்தாம் மாதம் பத்தாம் நாளில்தான் கீழேயுள்ள தோம்போலா கிராமத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். நடவு தாமதமாவதால் தோம்போலாக் குடிகளுக்கு மனத்தாங்கல் நெடுநாளாக இருந்துவந்தது.

பூட்டான் விவசாய இலாகாவைச் சேர்ந்த தாயன் ராஜ் குருங் என்பவரும், பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர்களான பிரான்சுவா புஸ்கே, கி த்ரெபுயீ என்போரும் 2003-இல் இவ்விரு கிராமத்து விவசாயிகளையும் ஒரு விளையாட்டுக்கு அழைத்தனர். ஒவ்வொருவருக்கும் சில வயல்கள் குறிக்கப்பட்டன. மழை மிகுதியா, குறைவா என்பது அதிர்ஷ்டச் சீட்டால் தீர்மானிக்கப்பட்டது. என்ன பயிர் வைப்பது, மிஞ்சிய தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்று ஆட்டக்காரர் முடிவு செய்ய, ஒவ்வொரு ஆட்ட முடிவிலும் அவரவர் வருமானம் கணக்கிட்டுக் காட்டப்பட்டது.

ஆட்டம் மூன்று விதமாக நடத்தப்பட்டது. முதலில் ஒரு கிராமத்தார் தமக்குள் மாத்திரமே பேசலாம். அடுத்து, இரு கிராமத்தாரும் கூடிப் பேசலாம். பின்னர் மேலூரார் கீழூராராகவும், கீழூரார் மேலூராராகவும் இடம் மாறி ஆடினர். இடம் மாறி உட்கார்ந்ததும், தண்ணீருக்குக் காத்திருப்பவருடைய கஷ்டம் மேலூராருக்கும், தன் நிலம் நடவாமல் தண்ணீரை விட்டுக்கொடுப்பதிலுள்ள தயக்கம் கீழூராருக்கும் விளங்கிற்று. ஆட்டத்தில் கண்ட விதிகளைப் பின்னர் கம்ப்யூட்டர் கணக்காக அமைத்துப் பல நிலைமைகளைச் சோதித்தனர். பேச்சு முற்றி, ஏழு கிராமங்களுக்கும் பொதுவான நீர்ப்பிடிப்பு நிர்வாகக் கமிட்டி அமைப்பதில் முடிந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் பெருகவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம் உண்டாயிற்று.

7. கிராமத்தில் செய்து பார்க்கும் விதம்

ஒரு வாய்க்காலின் கீழுள்ள விவசாயிகள் நடவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கூடி இவ்வொத்திகையைச் செய்து பார்க்கலாம். தேவையானவை ஒரு பெரிய காகிதம், பல நிறப் புளியங்கொட்டைகள் அல்லது கூழாங்கற்கள், பொறுமை ஆகிய மூன்றே.

அ. வாய்க்காலையும், மடைகளையும், ஒவ்வொரு மடையின் கீழுள்ள பரப்பையும் காகிதத்தில் வரைக. தலைமடை, இடைமடை, கடைமடை என மூன்று பிரிவு போதும். கிராமக் கணக்குகளில் உள்ள பரப்பையே கொள்ளுதல் வேண்டும்.

ஆ. வாரந்தோறும் வாய்க்காலில் வரக்கூடிய தண்ணீரை இத்தனை கற்கள் என்று வைத்துக்கொள்க. நல்ல வருஷம், நடுத்தர வருஷம், வறண்ட வருஷம் என மூன்று கணக்கு வேண்டும். சேற்றுழவுக்கும் நடவுக்கும் இத்தனை கல், பின்னர் வாரத்துக்கு இத்தனை கல் என்று அநுபவஸ்தர்களைக் கேட்டு எழுதிக்கொள்க.

இ. பூச்சிக்கு விதி வகுக்க. அடுத்த பிரிவின் நடவு இரண்டு வாரத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால் இத்தனை மூட்டை சேதம் என்று, கடந்த ஆண்டுகளின் அநுபவத்தைக் கொண்டு குறிக்கலாம்.

ஈ. ஒவ்வொரு பிரிவுக்கும் இருவர் அல்லது மூவர் ஆட்டக்காரராக இருந்து நடவு வாரத்தைக் குறிக்கட்டும். கற்களை மடை மடையாகப் பகிர்ந்து, முடிவில் மகசூலைக் கணக்கிடுக.

உ. இவ்வாறு மூன்று வருஷ நிலைமைகளையும் ஆடிய பின், தலைமடையாரும் கடைமடையாரும் இடம் மாறி ஒருமுறை ஆடுக.

ஊ. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைக்க. அறுவடைக்குப் பின் உண்மை மகசூலையும் அதன் எதிரே எழுதினால், வகுத்த விதிகளில் எது சரி, எது தவறு என்பது புலப்படும். அடுத்த ஆண்டின் கணக்கு இன்னும் திருத்தமாக அமையும்.

சேர்ந்தவர்களில் சிறு நிலமுடையோரும், குத்தகைதாரரும், மடையைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டியும் தவறாமல் இருக்க வேண்டும். தண்ணீரின் உண்மையான போக்கை நீர்க்கட்டியைக் காட்டிலும் அறிந்தவர் கிராமத்தில் அரிது.

8. கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள்

ஒத்திகைக் கணக்கு ஜோசியமன்று. வரும் ஆண்டில் இத்தனை மூட்டை விளையும் என்று அது கூறாது. இவ்விதம் செய்தால் எவ்வித நன்மை தீமைகள் வரக்கூடும், எது எதைவிட மேல் என்று ஒப்பிடுவதற்கே அது பயன்படும்.

விதிகளில் சேர்க்காத விஷயம் முடிவிலும் தோன்றாது. ஆட்கூலி, உழவு மாடு அல்லது டிராக்டர் கிடைக்கும் காலம், சந்தை விலை ஆகியவற்றைக் கணக்கில் விட்டிருந்தால், யாவரும் ஒரே வாரத்தில் நடுவதால் ஆள் கிடையாமற் போகும் என்பது காகிதத்தில் தெரியாது, வயலில்தான் தெரியும். ஆதலின் முடிவைக் காணும்போதெல்லாம் எது விடுபட்டது என்று கேட்பது நல்ல பழக்கம்.

விதிகளை யார் வகுக்கிறார் என்பதும் முக்கியம். தலைமடையார் மாத்திரம் கூடி வகுத்த விதி தலைமடைக்கே சாதகமாக முடியும். கணக்கைக் காட்டி ஒருவர் வாயை அடைப்பதும் தகாது. கணக்கு பேச்சைத் தொடங்குவதற்கேயன்றி முடிப்பதற்கு ஏற்பட்டதன்று. ஓர் இடத்தின் முடிவை மற்றோர் இடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்வதும் கூடாது. பாலியின் ஆறுகளும் பூட்டானின் ஓடைகளும் வேறு. மழையை நம்பி நிரம்பும் ஏரி வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை, முடிவை அன்று.

பழைய வழக்கத்தைப் புறக்கணிக்குமுன் அதன் காரணத்தை ஆராய வேண்டும். புதிய முறையை மறுக்குமுன் அதையும் ஆராய வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கும் சாதனமே ஒத்திகைக் கணக்கு. வயலில் ஒரு போகத்தை இழந்து கற்கும் பாடத்தைத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுதில் ஓரளவேனும் கற்க முடியுமாயின், அம்மாலைப்பொழுதைச் செலவிடுவது வீணாகாது. மதகு திறக்கும் நாளைக் குறிக்கும் பொறுப்புடைய கிராம அதிகாரிகளும், நிலச்சுவான்தார்களும், அந்நாளைக் குறிக்குமுன் யாவரையும் கூட்டி ஒருமுறை இதைச் செய்து பார்ப்பார்களாயின் பலன் கண்கூடாக விளங்கும்.